இல்லாத வீட்டைத் தேடி நடந்தவர்

கிதியோன் அங்கிள் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது பிற்பகல் மூன்று மணி. ஆபீசில் டீ வரும் நேரம். அவர் மனைவி டோரிஸ் ஆன்ட்டி மருந்துக் கடையிலிருந்து போன் செய்தார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று சொன்னார்.

மாரெட்பள்ளியில் என் பிறந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு அவர்களுடையது. அவருடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்தத் தெலுங்கு நாட்டுக் கண்டோன்மென்ட்டுக்கு வந்த குடும்பம். அங்கிள் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க். வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் நடைதான். காரியமே இருக்காது. ஒருமுறை லாலாகூடாவில் ஒரு வீட்டுக் காம்பவுண்டுக்குள் வீட்டைவிடப் பெரிய பாறை ஒன்று நிற்பதைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டி, இதை ஏன் உடைக்கவில்லை என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ளாமல் பாறைக்குப் பின்னால் அழைத்துப் போய், அதன் நிழலில் கட்டியிருந்த எருமையைக் காட்டினாராம். எருமைக்காகத்தான் பாறை. அதைச் சொல்லும்போது புதையலைப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி இருப்பார்.

இந்தக் குணத்தை எங்கள் தெருத் தமிழ்க் குடும்பங்கள் கல்யாண விசாரணைக்குப் பயன்படுத்திக்கொண்டன. மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கச் சொந்தக்காரர் யாரையாவது அனுப்பினால் நெற்றியைப் பார்த்ததுமே தெரிந்துவிடும், மளிகைக் கடைக்காரர்கூட உஷாராகிவிடுவார். கழுத்துப் பட்டன்வரை போட்ட வெள்ளைச் சட்டையும் கையில் பைபிளுமாக ஒருவர் தெருவில் வந்தால், ஐயர் வீட்டுப் பெண்ணுக்காக வருகிறார் என்று யாருக்குத் தோன்றும்? சர்ச்சுக்கு நன்கொடை கேட்க வருகிறார் என்றே நினைப்பார்கள்.

1974-இல் எனக்கு ஒரு வரன் வந்தது. பெயர் சீதாராமன். தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. அப்பா அனந்தராமன் வழக்கம்போல அங்கிளைக் கூப்பிட்டு, சிகரெட் உண்டா, கடன் உண்டா, சிநேகிதர்கள் எப்படி என்று விசாரிக்கச் சொன்னார். நான் உள்ளேயிருந்து வந்து, கோபம் வந்தால் அவர் என்ன செய்வார் என்பதையும் தெரிந்துகொண்டு வரச் சொன்னேன்.

அக்கா ஜலஜாவுக்கு நாக்பூரில் இடம் பார்த்தபோது இதெல்லாம் விசாரித்தார்கள். சிகரெட் இல்லை, கடன் இல்லை. ஆனால் அத்திம்பேர் கோபம் வந்தால் வாரக் கணக்கில் பேசமாட்டார். எதற்கென்றும் சொல்லமாட்டார். அக்கா ஊருக்கு வரும்போதெல்லாம் தான் என்ன தப்புச் செய்திருக்கக்கூடும் என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு வீட்டில் என்னால் இருக்க முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அம்மா கல்பகம் காபி டம்ளரை நங்கென்று வைத்தாள். “உங்கப்பாக்குக் கோவம் வந்தா என்ன பண்ணுவார்னு எனக்கு யாரும் விசாரிச்சுச் சொல்லலை. நான் குடித்தனம் பண்ணலையா?”

அப்பா சிரித்தார். அங்கிள் சிரிக்கவில்லை. “நல்ல கேள்விதான் நீலாம்மா. ஆனா யார்கிட்டப் போயி கேக்குறது?” என்றார். விஷயம் தெரிந்துகொள்ளும் பசி அவருக்கு எடுத்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

அந்த ஞாயிறு தார்நாகாவுக்கு நடந்து போனார். பஸ்ஸில் போகலாமே என்றதற்கு, “நக்கோ, வேணாம், பஸ்ஸுல போனா என்னத்தப் பாக்குறது?” என்றாராம். பால்காரர், மளிகைக் கடை, இஸ்திரிக்காரர் எல்லோரும் நல்லபடியாகவே சொன்னார்கள். சட்டையில் ஒருமுறை ஓட்டை விழும்படி தேய்த்துவிட்டதாகவும், சார் ஒன்றுமே சொல்லவில்லை என்றும் இஸ்திரிக்காரர் சொன்னார். அப்பாவுக்குப் பரம திருப்தி. அங்கிளுக்கு இல்லை. ஒன்றும் சொல்லாதவர் பொறுமைசாலியாகவும் இருக்கலாம், நாக்பூர்க்காரராகவும் இருக்கலாம். நடந்து விசாரித்ததில் கிடைத்தது பாதிப் பதில்தான் என்றார்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனார். அன்று நடந்ததை அவரும் சொல்லியிருக்கிறார், என் கணவரும் சொல்லியிருக்கிறார். எத்தனை தெரு சுற்றினார்கள் என்பதில் மட்டும் இருவருக்கும் கடைசிவரை தகராறு.

மே மாத வெயில். மெஸ்ஸில் சாப்பிடக் கிளம்பிய சீதாராமனை வழியில் நிறுத்தி, சின்னசாமி என்பவர் வீடு எங்கே என்று கேட்டிருக்கிறார். அப்படி யாரும் கிடையாது, கோபத்தைப் பார்ப்பதற்காக அங்கிள் கட்டிவிட்ட பெயர். தமிழ்க் குரலைக் கேட்டதும் சீதாராமன் கூடவே நடந்து தேடியிருக்கிறார். வாசலில் மாமரம் என்றார் அங்கிள். மாமரம் இருந்த தெருவுக்குப் போனதும், மாமரம் இல்லை, வேப்பமரம் என்றார். பிறகு மாடிவீடு என்றார். பிறகு, முதலில் பார்த்த தெருவையே மறுபடி பார்க்கலாமா என்றார். மெஸ் மூடும் நேரம் வந்துவிட்டது.

சீதாராமன் நடுத்தெருவில் நின்றுவிட்டார். சத்தமாகவே பேசினார். “சார், எனக்கு இப்போ உங்க மேல கோவம் வர்றது. இனிமே ஒரு அடி எடுத்து வெக்கமாட்டேன். அட்ரஸ் இல்லாம இந்த வெயில்ல ஒருத்தர் கெளம்பலாமா? எனக்கு மெஸ்ஸும் போச்சு. ரூமுக்கு வாங்கோ, தண்ணி குடிச்சுட்டுப் போங்கோ.”

அறையில் பானைத் தண்ணீர் கொடுத்தார். பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை அங்கிள் பக்கம் தள்ளினார். சற்று நேரம் கழித்துச் சாதாரணக் குரலில், சின்னசாமி உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். அதற்கு அங்கிள் தயாராக வரவில்லை. சகலை என்று சொல்லிவிட்டார்.

“சகலை வீடு தெரியாதா சார்?”

அன்று சாயங்காலம் எங்கள் வராந்தாவில் ஷூவைக்கூடக் கழற்றாமல் அங்கிள் சொன்னார்: “கோவம் வந்தா, வந்திருக்குன்னு வாயத் தொறந்து சொல்றான். எதுக்குன்னும் சொல்றான். அப்புறம் தண்ணி குடுக்குறான். அம்புட்டுதான் நீலாம்மா. மீதிய நீதான் பாத்துக்கணும்.”

நான் சரி என்றேன். ஒரு டம்ளர் தண்ணிக்கா சம்மதம் என்று அம்மா கேட்டாள். தண்ணீருக்காக இல்லை, அதற்கு முன்னால் கோபத்தை வாய்விட்டுச் சொன்னதற்காக என்றேன்.

முகூர்த்தம் முடிந்து கைகுலுக்க வந்த அங்கிளை என் கணவர் அடையாளம் கண்டுகொண்டார். “சார், சகலை வீடு கெடச்சுதா?”

“ஹவ், ஆமா மாப்ளே. இப்பத்தான் கெடச்சுது.”

என் கணவருக்குக் கோபம் வராமல் இல்லை. அடிக்கடி வரும். ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்லுவார், தெருவுக்கே கேட்கும். ஆனால் எதற்கென்று நான் யோசித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. நேற்று நாங்கள் இருவரும் அங்கிளின் அடக்கத்துக்கு மாரெட்பள்ளியிலிருந்து கல்லறைத் தோட்டம்வரை நடந்தே போனோம். வழியில் இவர் ஒன்றும் பேசவில்லை. அது கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் மங்கையர்க்கரசியை அங்கிளிடம் அழைத்துப் போயிருந்தேன். போவன்பள்ளியில் ஒரு வரன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலைக்குப் போவதைப் பற்றி மாப்பிள்ளையின் அம்மா வெளியில் என்ன பேசிக்கொள்கிறார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அங்கிள் ஒரு ஞாயிறு நடந்து போய்விட்டு வந்தார். அந்த அம்மாள் தினமும் காய்கறி மார்க்கெட்டில் ஒரே வெங்காயக்காரியிடம் நின்று வெகுநேரம் பேசுவார் என்பதுவரை கண்டுபிடித்துவிட்டார். அன்று வெங்காயக்காரி கடை போடவில்லை. வருகிற ஞாயிறு போவதாக இருந்தார்.

வெங்காயக்காரியை இன்னும் யாரும் கேட்கவில்லை.