தூக்காமல் எழுப்புவது

என் வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்து இடது கையும் காலும் விளங்காமல் போயிருந்தன. சாப்பிட மட்டும் கட்டில் ஓரத்தில் உட்காருவார். எழுந்து நிற்கச் சொன்னால் முடியாது என்பார். இப்படியே கிடந்தால் மிச்சமிருக்கும் பலமும் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வீட்டில் நோயாளியைக் கவனிப்பவர்களுக்கு சிம்பாங் ரெங்கம் டவுனில் ஒரு வகுப்பு நடக்கிறது என்றார்கள். ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன்.

வகுப்பு எடுத்த மிஸ்ஸி நம் தமிழ்ப் பெண்தான். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். பலகையில் ஒன்றும் எழுதவில்லை. "வீட்டுல எப்படித் தூக்குறீங்க? செஞ்சு காட்டுங்க" என்றார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "தெரிஞ்சா நான் ஏன் மிஸ்ஸி இங்க வரேன்? நீங்க சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"எழுதி வச்சிக்கிட்டு? தாளையா தூக்கப் போறீங்க?" என்று சிரித்தார். "சரி, நீங்களே நோயாளியா இருங்க. இடது கை, காலை அசைக்கக் கூடாது."

கட்டிலில் உட்கார்ந்தேன். வகுப்புக்கு வந்திருந்த மாச்சிக் என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு மலாய்க்கார அம்மாவும் ஒரு சீன ஆன்ட்டியும் ஆளுக்கொரு அக்குளில் கைகொடுத்து, "சத்து, டுவா, தீகா" என்று மலாயில் மூன்றுவரை எண்ணி ஒரே தூக்காகத் தூக்கினார்கள். நானும் வீட்டில் அப்படித்தான் தூக்குவேன்.

"அலமாக்!" என்று கத்திவிட்டேன். தோள் வலித்தது. அதைவிட, அரிசி மூட்டையை நகர்த்துவதுபோல் நகர்த்திவிட்டார்களே என்று அவமானமாக இருந்தது.

"இப்ப சொல்லுங்க, உங்களுக்கு என்ன வேணும்?" என்றார் மிஸ்ஸி.

"மொதல்ல கைய எடுக்கச் சொல்லுங்க. நானே எழ முடியுதான்னு பாக்குறேன்."

பாதத்தைப் பின்னால் இழுத்து வைத்து, முன்னால் குனிந்தால் உடம்பு லேசாகிறது என்று எனக்கே தெரிந்தது. பலவீனமான பக்கம் நின்று முழங்காலுக்கு அணைகொடுத்தால் போதும் என்று மாச்சிக் கண்டுபிடித்தார். மத்தியானம்வரை உடைந்த மலாயில் சண்டைபோட்டுக்கொண்டே செய்து பார்த்தோம். ஆபத்தாக எதையாவது செய்தால் மட்டும் மிஸ்ஸி தடுத்தார், மற்றபடி கேள்விதான். இதைக் காலையிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வீடு திரும்பினேன்.

என் வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்திருந்தார். பழக்கதோஷம், கை அவருடைய அக்குளுக்குப் போனது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தினமும் அப்படித்தான் மூடுவார், வலிக்காக என்றே நினைத்திருந்தேன். அன்று அது வலி மட்டுமில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கையை எடுத்துவிட்டேன். "என்னங்க, எப்படி எழுந்தா உங்களுக்குச் சுலுவா இருக்கும்? நீங்களே சொல்லுங்க."

கண்ணைத் திறந்தார். பிறகு குழறிக் குழறிச் சொன்னார்: "புடிக்காத. பக்கத்துல நில்லு."

கால்களைப் பின்னால் வைக்கச் சொன்னேன். என் முழங்காலை அவர் முழங்காலுக்கு அணையாக வைத்து நின்றேன். முதலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு உயிரே போய் வந்தது, ஆனாலும் தூக்கவில்லை. மறுபடி குனிந்தார். வலது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தார். நின்றுவிட்டார்.

வெளியே மழையில் அவருடைய மோட்டார் சைக்கிள் நனைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மோட்டோவ யாரு நனைய விட்டது?"

படுக்கையில் விழுந்த நாள்முதல் அவர் எதைப் பற்றியும் கேட்டதில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நான்தான் விட்டேன். வாசலுக்கு வந்து திட்டுங்க" என்றேன்.