கவிழ்த்து வைத்த கோப்பைகள்

நான் ஆற்றங்கரை ஊரான டாலாவில் சைக்கா மிதித்தவன். படகுத்துறையில் இறங்குகிறவர்களை ஏற்றிப்போகும் மூன்று சக்கர வண்டி அது. மலையில் சண்டை மூண்டு ஓடிவந்த சின் பழங்குடிக் குடும்பங்கள் எங்கள் பக்கத்து மூங்கில் வீடுகளில் வாடகைக்கு இருந்தன. அவர்களுடைய மனநலத்தைக் கவனிக்க அக்கரையிலிருந்து ஒரு குழு வந்துகொண்டிருந்தது. குழுவின் சயாமா, நம் பேச்சில் டீச்சரம்மா, என் வண்டியில்தான் போவார். ஒருநாள் இறங்கும்போது, "நீங்களும் எங்ககூட வேலைக்கு வர்றீங்களா?" என்று கேட்டார்.

"நாலாங்கிளாஸோட சரி, சயாமா. எனக்குப் பேசவும் வராது."

"பேச நான் இருக்கேன். கேக்கத்தான் ஆள் இல்ல."

பயிற்சியில் முதலில் சொல்லித் தந்தது, கேட்டது வெளியே போகக் கூடாது என்பதுதான். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கேட்க வேண்டும். கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது. எனக்கு அது கஷ்டமாகவே இல்லை. வாயைத் திறக்காமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் என்று என் மனைவி கேலி செய்வாள்.

கால்வாய் ஓரத்து வரிசையில், கடைசி வீட்டில் ஓர் அக்கா தனியாக இருந்தார். கணவர் முன்பே இறந்துவிட்டார். ஒரே மகன் மலையிலேயே தங்கிவிட்டான். மழைக்காலம் தொடங்கும் சமயம் நாங்கள் போனபோது, முந்தின நாள் போன் வந்தது என்றார். மகன் செத்துப்போனான், அங்கேயே புதைத்தும் விட்டார்கள். கடையில் உப்புக் கேட்கிற குரலில் அதைச் சொன்னார். அழவில்லை. சயாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அவர் இன்னும் இளைத்திருந்தார். சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. சர்ச்சுக்கும் போவதில்லை. கதவைச் சாத்த எங்களை விடவில்லை. பாயின் மேல் புதிய பீங்கான் கோப்பைகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார். பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க்.

"இதெல்லாம் யாருக்கு, அக்கா?" என்று சயாமா கேட்டார்.

"வர்றவங்களுக்கு."

"யார் வர்றாங்க?"

அவர் வாசலைப் பார்த்தார்.

திரும்பும் வழியில் சயாமா, இல்லாத ஆட்களுக்காக அந்த அக்கா காத்திருக்கிறார், இனி மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் உயிர் தங்கும் என்றார். மறுநாளே ஆஸ்பத்திரி வண்டிக்கு ஏற்பாடு செய்தார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஊரை விட்டு வந்தவரை இந்த அறையை விட்டும் எடுத்துப்போனால், மறுபடி எங்கே திரும்பி வருவார்?

வண்டி வருகிற அன்று காலையில், துணிமணி கட்டித் தர நான் முன்னதாகப் போனேன். ஆஸ்பத்திரி என்றதும் அக்கா சரி என்று தலையாட்டினார். இடுப்பில் கட்டும் லொஞ்சியை மடித்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, என் புள்ள அவங்களுக்கு என்ன பண்ணினான்?"

"யாருக்கு, அக்கா?"

"இந்த வரிசைக்காரங்களுக்கு. வேற கிராமமா இருந்தாலும் எங்க ஆளுங்கதானே. ஒருத்தர்கூட வந்து உக்காரலையே."

"அவங்களுக்குத் தெரியாதே."

"நீங்க சொல்லலையா?"

"நாங்க யாருக்கும் சொல்ல மாட்டோம், அக்கா. முதல் நாளே சொன்னோமே." கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

லொஞ்சி அவர் கையிலிருந்து நழுவியது. "சாவையுமா?" என்றார். பிறகு மெதுவாக, "பெத்தவளா வீடு வீடாப் போய்ச் சொல்லுவா?"

என் அப்பா செத்தபோது நான் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கரையில் மிங்கலாடோன் வரை போய் எல்லோருக்கும் சொன்னார். எங்கள் தமிழ் ஆட்களிலும் சாவு விழுந்த வீட்டார் போய்ச் சொல்வதில்லை. இந்த அக்கா முதலில் எங்களிடம் சொன்னார். நாங்கள் சொல்லிவிடுவோம் என்று கோப்பை வாங்கி வைத்துக் காத்திருந்தார். நாங்களோ அதைப் பத்திரமாக மூடி வைத்திருந்தோம்.

"இப்போ சொல்லட்டுமா, அக்கா?"

"போ" என்றார்.

தெரியாத வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவது எனக்கு எப்போதும் நடுக்கம். முதல் வீட்டில் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். "என்ன சைக்காக்காரரே, இன்னைக்கு டீச்சரம்மா இல்லாமலே வைத்தியமா?" என்றார்.

கடைசி வீட்டு அக்காவின் மகன் இறந்துவிட்டான் என்றேன்.

"எப்போ?"

"மழை தொடங்கினப்பவே."

அவர் வலையைக் கீழே வைத்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள். "தெனமும் என்கிட்டதான வெத்தல வாங்குது. மூஞ்சிய மூஞ்சிய பாக்கும். நான் திமிர் புடிச்சதுன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினாள். அடுத்த வீடுகளுக்கு நான் பாதிதான் சொல்ல வேண்டியிருந்தது.

நான் வரிசையைச் சுற்றித் திரும்பியபோது அந்தச் சின்ன அறையில் கால் வைக்க இடமில்லை. யாரோ அரிசி கொண்டுவந்திருந்தார்கள். அவர்கள் மொழியில் பாட்டு தொடங்கியிருந்தது. நடுவே அந்த அக்காவின் அழுகை கேட்டது. மனிதத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வெற்றிலைக்காரி அவரை மடியில் சாய்த்துக்கொண்டிருந்தாள். கோப்பைகள் எல்லாம் நிமிர்ந்திருந்தன.

வண்டியோடு வந்த சயாமா வாசலில் அப்படியே நின்றார்.

"யார் சொன்னது?"

"நான்தான், சயாமா. அக்கா போகச் சொன்னாங்க."

நிமிர்ந்த கோப்பைகளைப் பார்த்தார். எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது. டிரைவரிடம் போய் வண்டியைத் திருப்பி அனுப்பினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார்.

நான் வெளியே சைக்காவின் மேல் உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில் ஒரு சாத்திய கதவு தெரிந்தது. அந்த வீட்டுக்காரர் போன மாதம் என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார். அதையும் நான் பத்திரமாக வைத்திருந்தேன். அவரிடம் போய், இதை யாருக்காவது சொல்லணுமா என்று கேட்க எழுந்தேன்.