தரையில் வைக்கக்கூடாத எழுத்து

எங்கள் ஐந்தாம் அகதி முகாமில் எழுத்துக்குக் கிடைக்கும் மரியாதை எழுதத் தெரிந்தவருக்குக் கிடைத்ததில்லை. எழுத்துள்ள காகிதத்தை மிதிக்க மாட்டோம், தாண்ட மாட்டோம், குப்பையில் போட மாட்டோம். கை தவறி விழுந்துவிட்டால் எடுத்து உச்சந்தலையில் ஒற்றிக்கொள்வோம். கிழிந்துபோனால் நெருப்பிலிட்டு வழியனுப்புவோம். படிப்பது மட்டும் அவரவர் வசதி.

இந்த முகாமில்தான் மழலையர் வகுப்பு ஆசிரியை நோர்சோம் தரையில் கம்பளம் விரித்து, அதன்மேல் எழுத்தைப் பரப்பினார்.

நோர்சோமுக்கு அப்போது முப்பத்தொரு வயது. நான்கு வயதில் மாமன் முதுகில் பனிமலை தாண்டி வந்தவர். பெற்றோர் அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். விடுதிப் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படித்துத் தேறினார். எங்கள் மொழியை மாலைப் பிரார்த்தனையில் மனப்பாடமாக ஒப்பித்ததோடு சரி; அதன் எழுத்தைக் கற்றது இருபது வயது தாண்டித்தான். பிறகு மைசூருக்குப் போய் மாண்டிசோரி பயிற்சி எடுத்தார். குழந்தை கண்ணால் மட்டுமல்ல, விரலாலும் படிக்கும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் சந்தைக் கடையில் உப்புத்தாள் வாங்கி, எங்கள் முப்பது எழுத்தையும் வெட்டி அட்டையில் ஒட்டினார். முதலில் வெட்டியது ‘ங’. எங்களுக்கு அந்த ஒற்றை எழுத்தே ஒரு சொல். ‘நான்’ என்று பொருள்.

அவருக்கு அவசரம் இருந்தது. ஆறு வயதானால் பிள்ளைகள் பெரிய பள்ளிக்குப் போய்விடுவார்கள். அங்கே எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். குளிர்காலம் வந்தால் அப்பா அம்மா ஸ்வெட்டர் மூட்டையோடு ஊர் ஊராக விற்கப் போய்விடுவதால் வீட்டிலும் சொல்லித்தர ஆளில்லை. இந்த வகுப்பில் பிடிபடாத எழுத்து அப்புறம் பிடிபடப்போவதில்லை.

மூன்றாவது வாரம் பள்ளிக் குழுத் தலைவர் குங்கோ ரப்டென் பார்வையிட வந்தார். அவர் வாசலில் நிற்கும்போதே டோல்கர் என்ற நாலரை வயதுப் பெண் மூத்திரம் முட்டி எழுந்து, வழியில் கிடந்த நாலு எழுத்தை ஒரே தாவாகத் தாண்டி ஓடினாள்.

குங்கோ அன்று பேசியதை முகாம் ஒரு மாதம் பேசியது. முன்னோர்கள் பொன்னை விட்டுவிட்டு ஏட்டைச் சுமந்து மலை தாண்டினார்களாம்; அந்த எழுத்தை ஒரு பொடிசு ஒன்றுக்குப் போகத் தாண்டிவிட்டதாம். எழுத்து ஒட்டிய அட்டையின் முதுகில் சோப்புக் கம்பெனியின் பெயர் அச்சடித்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

எங்களில் மரியாதைக்குப் பெயரோடு ‘லா’ சேர்ப்போம்; ஆசிரியை என்றால் ‘கென்லா’. நோர்சோம் கேட்டார்: “அப்ப இங்கிலீஷ் எழுத்தைத் தரையில வெக்கலாமா, குங்கோலா?”

“தாராளமா வெச்சுக்கோ. அது வெறும் எழுத்துதானே, கென்லா.”

அப்படியே நடந்தது. எங்கள் எழுத்துகள் மஞ்சள் பட்டில் சுற்றப்பட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத பலகையில் வெண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில் ஏறின. கீழே கம்பளத்தில் ஆங்கிலம் புரண்டது. நோர்சோம் குழுவுக்கு ஏழு மனு எழுதினார். ஏழும் பரிசீலனையில் இருந்தன. பிள்ளைகள் பரிசீலனைக்குக் காத்திருக்காமல் வளர்ந்தார்கள். ஆறாவது மாதத்தில் பூனை, பாய், தொப்பி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அடுக்கினார்கள். அதே மாதம் பள்ளிக் குழு, இளம் தலைமுறையிடம் தாய்மொழி தேய்வதைக் குறித்து ஆழ்ந்த கவலை தெரிவித்துத் தீர்மானம் போட்டது. அலுவலகத் தட்டச்சு இயந்திரத்தில் ஆங்கிலம் மட்டுமே இருந்ததால் தீர்மானமும் ஆங்கிலத்தில்தான் வந்தது. முன்மொழிந்தவர் குங்கோ. அவர் பேரப்பிள்ளைகள் இருவரும் மைசூரில் கான்வென்டில் படித்தார்கள்.

பதினோராவது மாதம் வெளிநாட்டிலிருந்து நன்கொடையாளர்கள் வந்தார்கள். தாய்மொழிக் கல்விக்கு உதவ வந்தவர்கள். குங்கோ அவர்களை வகுப்புக்குள் கூட்டிவந்து, டோல்கரை அழைத்து அவள் பெயரை எழுதிக் காட்டச் சொன்னார். அவள் கம்பளத்தில் உட்கார்ந்து மளமளவென்று ஆங்கிலத்தில் அடுக்கினாள்.

குங்கோ குனிந்து கிசுகிசுத்தார்: “நம்ம எழுத்துலம்மா.”

டோல்கர் மேலே பலகையைப் பார்த்தாள். எழுந்தாள். கைகளைத் தலையிலும் தொண்டையிலும் நெஞ்சிலும் வைத்து, தரையில் விழுந்து, எழுத்துகளுக்கு மூன்று முறை நமஸ்காரம் செய்தாள். பிறகு சமர்த்தாக வந்து உட்கார்ந்தாள்.

வெள்ளைக்காரர்கள் நெகிழ்ந்து போட்டோ எடுத்தார்கள். ஒரு அம்மாள் மட்டும், அந்தப் பட்டுக்குள் முதலில் இருப்பது என்ன எழுத்து என்று குழந்தையிடம் கேட்டார். டோல்கருக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் குழு கூடியது. அவமானத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. நோர்சோம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். இவருக்குக் கற்பிக்கத் தெரியவில்லை, வேறு ஆசிரியை பார்க்கலாம் என்றார் குங்கோ. மடத்துப் பண்டிதர் கெஷே லோட்ரோவும் அன்று வந்திருந்தார். பேச ஏதாவது இருக்கிறதா என்று நோர்சோமைக் கேட்டது அவர்தான்.

நோர்சோம் எழுந்து நின்றார். “எனக்கு இருபத்திரண்டு வயசுல எங்கப்பாகிட்டேருந்து ஒரு கடுதாசி வந்துது. முதல் கடுதாசி. தலையில வெச்சேன். விளக்குக்குப் பக்கத்துல வெச்சேன். படிக்க மட்டும் தெரியல. ரெண்டு நாள் கழிச்சு வழியில போன ஒரு துறவியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவர் பாதியில நிறுத்திட்டு என் மூஞ்சியைப் பாத்தார். எங்கம்மா செத்துப்போனது எனக்கு முன்னாடி அவருக்குத் தெரிஞ்சுபோச்சு.”

குங்கோ தேநீரை ஆற்றினார்.

கெஷே ஜபமாலையை உருட்டியபடி கேட்டார்: “ஏம்மா, உன் கம்பளம் எவ்வளவு கனம்?”

“ரெண்டு விரல், கெஷேலா.”

“நான் ஏடு வெச்சுப் படிக்கிற மேஜை ஒரு சாண் உயரம். ஒரு சாணுக்கு மேல வெச்சா புண்ணியம், ரெண்டு விரலுக்கு மேல வெச்சா பாவம்னு எந்த ஏட்லயும் நான் படிக்கல. அதையும் மேஜைன்னு எழுதிடுங்க. தாண்டக் கூடாது, சுத்திப் போகணும். அவ்வளவுதானே?”

மாண்டிசோரியிலும் அதேதான் விதி, அடுத்தவர் கம்பளத்தைச் சுற்றித்தான் போகவேண்டும் என்றார் நோர்சோம்.

“அப்படியா? வலமா சுத்தச் சொல்லு. இன்னும் விசேஷம்.”

கெஷே சொன்னதில் தர்க்கம் கிடையாது. ஆனால் தர்க்கத்தை வைத்துக்கொண்டு நோர்சோம் பதினோரு மாதம் தோற்றிருந்தார். மழலையர் வகுப்பில் விரிக்கப்படும் கம்பளங்கள் இனி மேஜைகளாகக் கருதப்படும் என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. டோல்கர் பெரிய பள்ளிக்குப் போக இன்னும் ஏழெட்டு மாதம் இருந்தது. அன்று மாலையே நோர்சோம் பட்டுத்துணியை அவிழ்த்தார்.

மூன்று வாரம் கழித்துக் குங்கோ மறுபடி பார்வையிட வந்தார். பிள்ளைகள் சொரசொரப்பை விரலால் தடவி, சத்தத்தைச் சொல்லிச் சொல்லி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எழுந்து போகிறவர்கள் கோயிலை வலம் வருவதுபோலக் கம்பளத்தைச் சுற்றிப் போனார்கள். அந்த ஒழுங்கு குங்கோவுக்குத் திருப்தியளித்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அறையின் நடுவுக்கு வந்து, சுவரில் மாட்டியிருந்த படங்களை நிமிர்ந்து பார்த்தார்.

கீழே டோல்கர் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். ‘நான் டோல்கர்’ என்று எழுத வேண்டும். டோல்கர் தயாராக இருந்தது. முதல் சொல்லைக் காணவில்லை. கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள், கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். கடைசியில் குங்கோவின் கால்சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“குங்கோலா, மேஜை மேல ஏறி நிக்கறீங்க. இறங்குங்க. என் ‘ங’ உங்க காலுக்கு அடியில இருக்கு.”

குங்கோ காலைத் தூக்கினார்.