ஓடைப் பாதை

வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம். கொல்லிமலை அடிவாரத்தில், புளியஞ்சோலைக்குப் பக்கத்தில் எங்கள் சோளக்காடு இருந்தது. மலையேறுகிறவர்கள் பாதை எப்படி இருக்கிறதென்று என்னிடம்தான் கேட்டுப் போவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த ஐப்பசியில் நான்கு நாள் அடைமழை. மழை விட்ட காலையில், மலைமேல் உள்ள குண்டனி நாட்டுக்காரர் ஒருவர் துறையூரிலிருந்து மருந்துப் புட்டியோடு வந்தார். மனைவிக்குக் கடுங்காய்ச்சலாம்.

"ஏனுங்க, ஓடைப் பாதையில போலாமுங்களா? இல்லாட்டி சுத்திப் போகட்டுமுங்களா?"

மழை தொடங்கியதிலிருந்து நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"நேத்துத்தான் பார்த்தேன். நல்லா இருக்குதுங்க, போங்க" என்றேன்.

பத்து நாள் கழித்து அவர் மறுபடி இறங்கி வந்தார். பாதி மலையில் பாதை சரிந்து கிடந்ததாம். திரும்பி வந்து, சுற்றுப்பாதையில் ஏறி, மறுநாள் வீடு சேர்வதற்குள் மனைவி இறந்துவிட்டாளாம்.

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க பார்த்துட்டு வந்த பொறவுதான் இடிஞ்சிருக்குமுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

நான் பார்க்கவே இல்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினேன்.

அதன்பிறகு யார் கேட்டாலும், நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அவரிடம் மட்டும் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை.