சத்தமாகப் படித்த தடவைகள்

என் கணவர் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டுப் பக்கம் இது அதிசயமில்லை. எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் வருடத்தில் பத்து மாதம் வடக்கே எங்கோ பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார்கள். நான் தமிழ் டீச்சர். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். கல்யாணமான புதிதில் அவர் என் அலமாரியிலிருந்து ஒரு கவிதைப் புத்தகத்தை எடுத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். "உங்களுக்குப் பாறையத் தொளைக்கற ராடும் பிட்டும் போதுமுங்க. இதெல்லாம் எதுக்கு?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அதன்பிறகு அந்த அலமாரிப் பக்கமே போகவில்லை.

போன மாசியில், மத்தியப் பிரதேசத்தில், மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்தபின் அதே வண்டியின் டிரைவர் அவருடைய தகரப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

துணிகளுக்கு அடியில் பன்னிரண்டு புத்தகங்கள் இருந்தன. தேனீ வளர்ப்பு, நிலத்தடி நீர், யானைகள், மலையில் ரயில் பாதை போட்ட கதை, நாட்டு வைத்தியம். மற்ற ஏழும் கவிதை. பழைய புத்தகக் கடையில் கைக்கு வந்ததை வாங்கியிருக்கிறார். ஆனால் எல்லாவற்றிலும் கிரீஸ் விரல் பட்டிருந்தது. ஒன்றைக்கூடப் படிக்காமல் விடவில்லை.

ஒரு கவிதையின் ஓரம் முழுக்கப் பென்சில் கோடுகள். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. மறுபடி நான்கு, குறுக்கே ஒன்று. குழிக்குள் ராடு இறக்கும்போது ரிக்காரர்கள் இப்படித்தான் எண்ணுவார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ராடு எண்ண வேற எடமே கெடைக்கலீங்களா அவருக்கு?"

டிரைவர் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தார். "ராடு எண்ணறது வண்டி மேல சாக்பீஸ்லதானுங்கக்கா. இது அண்ணன் சத்தமாப் படிச்ச தடவைங்க. எங்களையெல்லாம் உக்கார வெச்சுப் படிப்பாருங்க. தடுமாறாமப் படிக்க வந்துட்டா ஊட்டுல அக்காவுக்குப் படிச்சுக் காட்டோணும்பாருங்க."

"வந்துச்சுங்களா?"

"தீவாளிக்கு முன்னாடியே வந்துருச்சுங்க. ஒரு எழுத்துப் பெசகலீங்க."

டிரைவர் போனபின் அந்தக் கவிதையைப் படித்தேன். பதினோரு வரி. விடியலில் வாசல் தெளிக்கும் பெண்ணைப் பற்றியது. வகுப்பில் நடத்த வேண்டியிருந்தால் சுமாரான கவிதை என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது சத்தமாகப் படித்துப் பார்த்தால் மூன்றாவது வரியைத் தாண்ட முடியவில்லை.

அந்தத் தீபாவளிக்கு என் கணவர் வந்து பத்து நாள் இருந்தார். ஒரு சாயங்காலம் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வேலையா இருக்கறயா?"

"ஆமாங்க, அப்பறம் பேசலாம்" என்றேன், தலையை நிமிர்த்தாமல்.

எழுந்து, நாற்காலியை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் கையில் என்ன வைத்திருந்தார் என்று நான் பார்க்கவே இல்லை.