மஞ்சள் துணி கட்டிய நகவெட்டி

எனக்கு நகம் வெட்டத் தெரியாது. ஐம்பதைத் தாண்டியவன், நாலு பேர் கூடிய இடத்தில் மைக்கைப் பிடித்து எப்படி வாழ வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறவன், இதை வெளியே சொல்லக் கூடாதுதான். இடது கையை எப்படியோ சமாளித்துவிடுவேன். வலது கை என்று வந்துவிட்டால் ஆனையூர் வீட்டு மாடி பால்கனியில் மனைவிக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். என் மனைவி கைரேகை பார்ப்பாள் என்று எதிர்வீட்டுக்காரர் வெகுகாலம் நம்பியிருந்தார். ஒருநாள் தன் கையையும் நீட்டிக்கொண்டு வந்து நின்றார்.

அப்படிப்பட்டவனுடைய எழுதும் மேசையில் ஒரு நகவெட்டி இருக்கிறது. அதன் கைப்பிடி ஓட்டையில் மஞ்சள் சுங்குடித் துணி கிழிசல் ஒன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறது. சாயம் வெளுத்துவிட்டது. இந்த நகவெட்டியால் என் நகம் எதுவும் இதுவரை வெட்டப்பட்டதில்லை. என் கட்டைவிரல்தான் ஒருமுறை வெட்டுப்பட்டது.

ஒத்தக்கடையில் புது வீடுகள் முளைத்துக்கொண்டிருக்கிற பக்கமாக உள்ளே போனால் அக்காவும் அண்ணனும் நடத்துகிற இல்லம் வரும். கணவன் மனைவியான அவர்கள் எல்லோருக்கும் அக்கா, அண்ணன்தான். அறுபதைத் தாண்டியவர்களும் அப்படியே கூப்பிடுவார்கள். இருவரும் சௌராஷ்டிரக் குடும்பம். அண்ணனுக்கு மதுரை விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை இருந்தது. கடையில் வேலை பார்த்த தம்பதி, மனைவியும் கணவனுமாக, எச்.ஐ.வி. முற்றி அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய குழந்தைக்கும் அந்தக் கிருமி இருந்ததால் சொந்தபந்தம் எதுவும் தொட முன்வரவில்லை. யாராவது வருகிற வரைக்கும் இருக்கட்டும் என்று அக்கா வீட்டுக்குத் தூக்கி வந்தார். யாரும் வரவில்லை, குழந்தைகள்தான் மேலும் வந்தார்கள். இந்தக் கதையை அக்கா வாயால் உருக்கமாகக் கேட்டுவிட வேண்டும் என்று நான் பலமுறை முயன்றிருக்கிறேன். "அப்ப வேற வேல இல்ல சார்" என்று முடித்துவிடுவார்.

தத்துக் கொடுப்பதெல்லாம் அரசாங்கத்தின் வழியாகத்தான். அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற பாட்டை இவர்கள் பார்த்துக்கொண்டார்கள். எச்.ஐ.வி. உள்ள குழந்தையை ஏற்றுக்கொள்ள யோசிக்கிற தம்பதியை உட்கார வைத்துப் பேசுவது, டாக்டரிடம் அழைத்துப் போய்ச் சந்தேகங்களைக் கேட்க வைப்பது, குழந்தை வீட்டுக்குப் போன பிறகு மாத்திரை தவறாமல் இறங்குகிறதா, பள்ளிக்கூடத்தில் யாரும் எதுவும் சொல்கிறார்களா என்று வருஷக்கணக்கில் போய்ப் பார்ப்பது. மாத்திரை ஒழுங்காக இறங்கினால் அந்தக் குழந்தை மற்ற குழந்தைகளைப் போலவே வளரும், படிக்கும், அடம்பிடிக்கும் என்பதை அக்கா எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

ஆனால் பேச்சில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. "வாயில எல்லாரும் சரின்னுதான் சொல்லுவாங்க. கை என்ன சொல்லுதுன்னு பாக்கணும்" என்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இல்லத்தில் எல்லோருக்கும் நகம் வெட்டுகிற நேரம். சுவரில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒன்றாக நகவெட்டிகள். ஒருவருடையதை இன்னொருவர் தொடக் கூடாது என்பதால் அடையாளத்துக்கு அண்ணன் கடைக் கிழிசல்கள்: சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். பார்க்க வருகிற தம்பதியை அக்கா அந்த நேரத்துக்கு வரச் சொல்வார். காப்பி கொடுப்பார். பிறகு ஒரு நகவெட்டியைக் கையில் கொடுத்து, ஒரு குழந்தையை எதிரில் உட்கார வைப்பார். அவ்வளவுதான். கை தயங்கினால் திட்டமாட்டார். "போய்ட்டு இன்னொரு நாளைக்கு வாங்க" என்பார். சிலர் உண்மையிலேயே திரும்பி வந்தார்கள். பலர் வரவில்லை.

மஞ்சள் துணிக்காரிக்கு அப்போது ஏழு வயதிருக்கும். அவளைப் பார்க்க இரண்டு தம்பதிகள் வந்துவிட்டு, திரும்பி வராமலே போயிருந்தார்கள். முதல் தடவை அவள் தன் துணிமணிகளைப் பையில் அடுக்கி வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அதற்குப் பிறகு யார் எதற்கு வருகிறார்கள் என்று அக்கா குழந்தைகளிடம் சொல்வதை நிறுத்திவிட்டார். சொல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவதாக எழுமலையிலிருந்து ஒரு தம்பதி வருகிற ஞாயிற்றுக்கிழமை பார்த்து என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணனுடைய யோசனை அது. நாலு வார்த்தை சிரிக்கச் சிரிக்கப் பேசினால் வந்தவர்கள் கூச்சம் தெளிவார்கள் என்று நினைத்திருக்கிறார். நானோ அழ வைப்பது என்று முடிவுசெய்து போயிருந்தேன். மனிதநேயம் பற்றி ஒரு பேச்சு. குரல் எங்கே உடைய வேண்டும் என்பது உட்படத் தயார். கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

எழுமலைக்காரர் மினி வேனில் மதுரைக்குப் பூ ஏற்றி வருகிறவர். கூலி வேலை பார்த்த அப்பாவுக்குப் பிறகு, இவர் காலத்தில்தான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம். அவர் எதற்கும் "சரிங்கண்ணே" என்றார். அவருடைய மனைவி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்.

"இப்ப எனக்குப் பயமில்லக்கா. கூட்டிட்டுப் போன பெறகு பயம் வந்துட்டா என்ன செய்யிறது? புள்ள மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆறு பக்கத்துக்கு. நான் தொண்டையைச் செருமினேன். அக்கா அவசரமாக மஞ்சள் துணி நகவெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். "சார், மொதல்ல நீங்க வெட்டிக் காட்டுங்க. அவங்க பாக்கட்டும்."

மஞ்சள் துணிக்காரி எதிரில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். நான் நகவெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கம் மேலே, எது கீழே என்று பிடிபடவில்லை. எழுமலை அம்மா என் கையையே பார்த்தார்.

அக்கா குரலைத் தணித்து, "பயமா இருந்தா வச்சிருங்க சார். தப்பில்ல" என்றார்.

கிருமிக்குப் பயமில்லை அக்கா, எனக்கு என் மனைவிதான் நகம் வெட்டிவிடுவாள் என்று சொல்வதா? மனிதநேயம் பேச வந்தவன் சொல்லக்கூடியதா அது? நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிறுமி கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். "எனக்கு நகம் இன்னும் வளரல மாமா. பெறகு வெட்டிக்கிறேன்" என்றாள். நகம் நன்றாக வளர்ந்துதான் இருந்தது. தயங்குகிற பெரியவர்களுக்குச் சாக்குச் சொல்லித் தப்பிக்கவிட அந்த வயதிலேயே பழகியிருந்தாள்.

அதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அவள் விரலைப் பிடித்து இழுத்து, நகவெட்டியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். வெட்டுப்பட்டது என் இடது கட்டைவிரல்.

"அக்கா! மாமாவுக்கு ரத்தம்! யாரும் கிட்டப் போகாதீங்க!" அவள் துள்ளி எழுந்தாள். மற்ற குழந்தைகள் பழகியவர்கள் போலப் பின்வாங்கிச் சுவரோரம் போய் நின்றார்கள். நான் நடுக்கூடத்தில் தனியாக, விரலைத் தூக்கிப் பிடித்தபடி. ஒருத்தி முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவந்தாள். மஞ்சள் துணிக்காரி தன் கைக்குப் பெரிதான கையுறையை மாட்டிக்கொண்டு, மூஞ்சியைத் தள்ளி வைத்தபடி என் விரலுக்கு மருந்து போட வந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா, சின்னக் காயந்தான்" என்று அவள் தலையைத் தடவப் போனேன்.

"தொடாதீங்க மாமா! அடுத்தவங்க ரத்தத்தத் தொடக் கூடாது. ஒங்களுக்கு என்ன இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றவள், பிளாஸ்திரியைப் பிரித்துக்கொண்டே விசாரணையை ஆரம்பித்தாள். "மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?"

"பிரஷருக்கு."

"தெனமுமா?"

"ஞாபகம் வந்தா."

"ஞாபகம் வந்தாவா!" அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. எழுமலைக்காரர் சிரித்துவிட்டார். பிறகு அவருடைய மனைவி. அக்காவும் அண்ணனும் தங்கள் வீட்டுச் சௌராஷ்டிர மொழியில் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டு சிரித்தார்கள். அது என்ன என்று கேட்கிற துணிச்சல் எனக்கு இன்றுவரை வரவில்லை.

சிரிக்காதவள் அவள் மட்டும்தான். "என் நகவெட்டி போச்சு. அதுல மாமா ரத்தம்" என்றாள். கண்ணில் நீர் கட்டிவிட்டது. எழுமலைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போனார். பயந்து கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன். முனைக் கடையிலிருந்து புது நகவெட்டியோடு திரும்பி வந்து மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மா என்னை நகரச் சொல்லிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தார்.

"இது எனக்கு மட்டுமா?"

"ஒனக்கு மட்டுந்தான். கையக் குடு."

முதல் விரலில் அந்த அம்மாவின் கை நடுங்கியதைப் பார்த்தேன். அடுத்ததிலும் கொஞ்சம். அதற்கப்புறம், "ஆடாம இருடி" என்று அதட்டத் தொடங்கிவிட்டார். பத்து விரலும் முடிந்ததும், யாரும் கேட்காமலே, அவள் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அண்ணன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். என் ஆறு பக்கமும் சட்டைப்பையிலேயே இருந்தது.

காகிதங்கள் நகர மாதங்கள் ஆயின. கடைசியில் ஒருநாள் அவள் தன் பையோடும் தன் நகவெட்டியோடும் பூ வேனில் ஏறி எழுமலை போனாள். ரத்தம் பட்ட பழைய நகவெட்டியை அக்கா கொதிநீரில் போட்டெடுத்து என்னிடமே கொடுத்துவிட்டார். அன்று முதல் இந்தக் கதையை நான் பேசாத மேடை இல்லை. என் ஒரு சொட்டு ரத்தம் ஒரு தாயின் பயத்தைப் போக்கியது என்று முடிப்பேன். கைதட்டல் நிச்சயம்.

போன மாதம் உசிலம்பட்டியில் ஒரு கூட்டம். பேசி முடித்துக் கீழே இறங்கினால், எழுமலை அம்மா நிற்கிறார். பக்கத்தில் அவருடைய மகள், கல்லூரிக்குப் போகிறாளாம், அம்மாவைவிட ஒரு சாண் உயரம். அவள் வணக்கம் சொல்லிவிட்டு முதல் காரியமாக என் விரல்களைப் பார்த்தாள். இரண்டாவதாக, "பிரஷர் மாத்திரை?" என்றாள். தினமும் போடுகிறேன் என்றேன். அவளுக்குப் பயந்து உண்மையாகவே போடுகிறேன். நான் அவளுடைய அம்மாவிடம், கதை சரியாக இருந்ததா, ஏதாவது விட்டுவிட்டேனா என்று, பாராட்டை எதிர்பார்த்துக் கேட்டேன்.

அந்த அம்மா கொஞ்சம் சங்கடப்பட்டார். "எல்லாஞ் சரிதாண்ணே. கடைசியில மட்டும் கொஞ்சம் மாத்திச் சொல்றீக. எனக்கு அன்னைக்கிப் பயமெல்லாம் போகல. அந்த வியாதிக்குப் பயப்படுறதா, ஒங்களுக்குப் பயப்படுறதான்னு பாத்தேன். ஒங்க கையில இன்னும் கொஞ்ச நேரம் விட்டா புள்ளைக்கு வெரலே மிஞ்சாதுன்னுதான் வந்து உக்காந்தேன்."