புல்லோரத்தில் ஓடிய மோட்டார்

தீவிலுள்ள ஜார்ஜ் டவுனிலிருந்து படகேறி, அக்கரையில் வாடகை மோட்டார் பிடித்து, புனித அன்னம்மாள் கோயில் திருநாளுக்குப் போனோம். வழியை மாட்டுவண்டிகள் அடைத்திருந்தன. செபமாலை சொல்லிக்கொண்டு வந்த என் அத்தான் டிரைவரிடம், “பூசைக்கு நேரமாச்சு தம்பி, ஓரத்துப் புல்லுல இறக்கி ஓட்டு” என்றார்.

அந்தப் புல்லோரத்தில்தான் நேர்ச்சைக்காரர்கள் மெழுகுவர்த்தி ஏந்தி வெறுங்காலோடு நடந்தார்கள். ஹாரன் சத்தத்தில் எல்லாரும் சிதற, ஒரு பெண்ணை மட்டும் மோட்டார் இடித்துச் சாக்கடையில் தள்ளியது.

டிரைவர் நிறுத்தப் போனார். “அதான் எந்திரிச்சுட்டாளே, நிக்காதலா, ஓட்டு” என்ற அத்தான், விட்ட மணியிலிருந்து செபத்தைத் தொடர்ந்தார். நாங்களும் செபத்தின் மறுபாதியைப் பதிலாகச் சொன்னோம்.

பூசை முடியும் நேரத்தில் அவள் சேறும் ரத்தமுமாக நொண்டி வந்து, ஒடிந்த மெழுகுவர்த்தியோடு எங்கள் பக்கத்தில் முழங்காலிட்டாள். அத்தான் தன் வெள்ளை வேட்டியில் சேறு படாமல் ஒதுக்கிக்கொண்டார்.

இன்றும் அவர் செபமாலையை எடுத்தால் எனக்குப் பதில் சொல்ல வாய் வருவதில்லை.